கதவுச் சிலந்தி கேள்வி பதில்: ஆக்டினோபஸா, இடியோப்ஸா?

கேள்வி: பிரேசிலில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய படம் இது. செம்மண் மேட்டில், மூடி போட்ட வளைக்குள் இருந்ததாம். கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. டரான்டுலாவா?

இல்லை. கண்களைப் பாருங்கள். டரான்டுலாவுக்கு எட்டுக் கண்களும் நடுவில் ஒரு சின்ன மேட்டில் நெருக்கியடித்து இருக்கும். இதற்குத் தலையின் முன்பக்கத்தில் அகலமாகப் பரவிக் கிடக்கின்றன. தலையும் உப்பி உயர்ந்திருக்கிறது. இது ஆக்டினோபஸ் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள பல இனங்கள் அடங்கிய ஒரு கதவுச் சிலந்திக் கூட்டம். தாடை நுனியில் தெரியும் தடித்த முட்கள் மண் தோண்டுவதற்கு.

கேள்வி: அங்கே இடியோப்ஸ் என்ற இன்னொரு கதவுச் சிலந்திப் பேரினமும் உண்டே. குழம்பாதா?

நல்ல கேள்வி. இடியோப்ஸுக்கு இரண்டு கண்கள் மட்டும் முன்னால் தள்ளி, முகத்தின் விளிம்பை ஒட்டி இருக்கும். மற்ற ஆறும் பின்னால் கூட்டமாக இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. இரண்டு பேரினங்களுக்கும் 1833-இல் பெயர் வைத்தவர் இயற்கையியலாளர் பெர்ட்டிதான். ஸ்பிக்ஸ், மார்ஷியஸ் என்ற இரு ஆய்வுப் பயணிகள் 1817 முதல் 1820 வரை பிரேசிலில் சுற்றிச் சேகரித்த பூச்சிகளையும் சிலந்திகளையும் அவர்தான் விவரித்து எழுதினார். இடியோப்ஸ் இந்தியாவிலும் உண்டு.

கேள்வி: சரி, இனத்தின் பெயர் என்ன?

படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். 2020-இல் மிலியோ, பெரெஸ்-மைல்ஸ், பொனால்டோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆக்டினோபஸ் பேரினத்தை முழுதாக மறுஆய்வு செய்து, ஏராளமான புதிய இனங்களை விவரித்தார்கள். வெளியே பார்த்தால் பல இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஆணுக்கு, வாயருகே இருக்கும் உணர்காலின் நுனிக் குமிழைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு, வயிற்றுக்குள் விந்தைச் சேமிக்கும் பைகளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்காகச் சிலந்தியைக் கொல்ல வேண்டாம். பெண் சிலந்தி வளர்ந்த பிறகும் தோல் உரிக்கும். அந்தப் பைகளின் உள்தோலும் அதோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். உரித்த தோல் கிடைத்தால் சோப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து மெல்ல விரியுங்கள். வயிற்றுத் தோலில் வெளிறிய நான்கு நுரையீரல் தடங்கள் தெரியும். முன் ஜோடிக்கு நடுவே அந்தப் பைகளை உருப்பெருக்கியில் பாருங்கள்.

கேள்வி: வீட்டு முற்றத்தில் நடந்துபோனது மெலிந்து, கால்கள் நீண்டு இருந்ததாம். அது வேறு இனமா?

துணை தேடி அலையும் ஆணாக இருக்கலாம். ஆணும் பெண்ணும் அவ்வளவு வேறுபட்டிருப்பதால்தான் சிக்கலே. பழைய விவரிப்புகள் பலவற்றில் ஒரு பால் மட்டுமே இருக்கும். அதன் ஜோடி எது என்று பின்னால் வருபவர்கள் தேட வேண்டும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் எலிச் சிலந்தி இதற்குச் சொந்தமா?

ஆமாம், மிசுலேனா. இரண்டும் ஒரே குடும்பம்.

கேள்வி: வளையைத் தோண்டிப் பார்க்கச் சொல்லட்டுமா?

வேண்டாம். பெண் பல வருடம் குடியிருக்கும் வீடு அது. மூடி திறந்தும் மூடியும் இருக்கும்போது, அளவு தெரிய பக்கத்தில் ஒரு காசு வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஊர்ப் பெயரும் தேதியும் கட்டாயம் வேண்டும்.