வாசகர் கேள்வி: மடிக்கணினியில் இடம் தீர்ந்துபோனால்

கேள்வி: எங்கள் வீட்டு மடிக்கணினியில் 256 கிகாபைட் எஸ்எஸ்டி உள்ளது. சி டிரைவில் இப்போது 6 கிகாபைட் மட்டுமே மிச்சம். விண்டோஸ் 11 புதுப்பிப்புகூட இறங்க மறுக்கிறது. மூன்று ஆண்டுகளாகத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் என் கணவர் எடுத்த காவடிக் காணொலிகள் அதில்தான் இருக்கின்றன. பழுது பார்க்கும் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யச் சொல்கிறார். வேறு வழி உண்டா? 256 கிகாபைட் என்று விற்ற டிரைவ், 237 என்று காட்டுவது ஏன்?
— வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: ஃபார்மட் செய்ய வேண்டாம், அம்மா. நீங்கள் கூறும் நிலைக்கு அது தேவையே இல்லை. அந்தக் காணொலிகளுக்கு வேறு பிரதி இல்லாவிட்டால், அது ஈடுசெய்ய முடியாத இழப்பாகவும் முடியும்.

எதையும் அழிப்பதற்கு முன், இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று சென்றால், செயலிகள், தற்காலிகக் கோப்புகள், படங்கள் எனப் பிரித்து ஒவ்வொன்றின் அளவும் தெரியும். அங்கே ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பகுதியைத் திறங்கள். அண்மையில் விண்டோஸின் பெரிய மேம்பாடு நடந்திருந்தால், பழைய விண்டோஸ் முழுவதும் அங்கே தனிக் கோப்புறையாகப் பல கிகாபைட்டை அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். பழைய பதிப்புக்குத் திரும்புவதற்காக வழக்கமாக 10 நாட்களுக்கு அது வைக்கப்படுகிறது. கணினி ஒழுங்காக இயங்குகிறது என்றால் இப்போதே நீக்கலாம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், ஏனெனில் அதில் கிடக்கும் கோப்புகள் இன்னும் வட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற பெயரும் வரும். வங்கி அறிக்கைகளும் பிள்ளைகளின் பள்ளி ஆவணங்களும் பெரும்பாலும் அங்கேதான் சேர்ந்திருக்கும் என்பதால், அதைத் தேர்வு செய்யாமல், அந்தக் கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள்.

உங்கள் வீட்டில் அதிக இடத்தைப் பிடித்திருப்பவை காணொலிகளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிடக் காணொலி, கைப்பேசியின் அமைப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 170 முதல் 350 மெகாபைட் வரை எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரப் பதிவு என்றால் 20 கிகாபைட்டைத் தாண்டிவிடும். ஒரு வெளிப்புற வன்தட்டு வாங்கி, காணொலிகளை ‘மூவ்’ செய்யாமல் ‘காப்பி’ செய்யுங்கள். பிறகு வன்தட்டிலிருந்தே சிலவற்றை இறுதிவரை ஓட்டிப் பாருங்கள். அதன் பின்பும் உடனே மூலத்தை அழித்துவிடாதீர்கள்: ஒரே வன்தட்டில் மட்டும் இருப்பது பாதுகாப்பல்ல, அது கீழே விழுந்தால் மூன்று தைப்பூசங்களும் போய்விடும். இரண்டாவது பிரதி ஒன்று வேறோரிடத்தில், உறவினர் வீட்டிலாவது, இருக்கும்போதுதான் கணினியில் உள்ளதை நீக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொரு கவனம் தேவை. அதனுடன் இணைந்த கோப்புறையில் ஒன்றை அழித்தால், இணையத்திலுள்ள பிரதியும் சேர்ந்தே அழியும். கணினியில் மட்டும் இடம் வேண்டுமானால், கோப்பின் மீது வலப்புறச் சொடுக்கு செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலவசக் கணக்கில் 5 கிகாபைட் மட்டுமே உண்டு என்பதால், காணொலிகளை அதில் வைக்க இயலாது.

விண்டோஸ் கோப்புறைக்குள் சென்று, பெரிதாகத் தெரிவதைக் கையால் அழிக்காதீர்கள். இலவசமாகச் ‘சுத்தம் செய்யும்’ மென்பொருள்களும் உங்களுக்குத் தேவையில்லை. 40 கிகாபைட் அளவுக்குக் காலியிடம் கிடைத்துவிட்டால், புதுப்பிப்பு தடையின்றி இறங்கும்.

டிரைவ் 237 என்று காட்டுவதால், விற்றவர் ஏமாற்றினார் என்று பொருளில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் தொகையை, அதாவது ஏறத்தாழ 107 கோடியே 37 இலட்சம் பைட்டை, ஒரு கிகாபைட் என்கிறது. அவ்வாறு வகுத்தால் 256 என்பது 238 ஆகிறது. எஞ்சிய சிறு குறைவு, கணினியைத் தொடங்கவும் மீட்கவும் ஒதுக்கப்பட்ட மறைவான பகுதிகளுக்குரியது.