தோப்புக்குள் சுத்திகரிப்பு நிலையம்: எங்கே முறையிடுவது?

கேள்வி: எங்கள் நகராட்சியில் குடியிருப்பை ஒட்டி ஐந்து ஏக்கரில் ஒரு தோப்பு இருக்கிறது. வேம்பும் புங்கையும் நாவலுமாக நல்ல நிழல். காலையில் பெரியவர்கள் நடக்கிறார்கள், மாலையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அங்கே கட்ட நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். “கருத்துக் கேட்புக் கூட்டம் வரும், அப்போது பேசலாம்” என்கிறார் ஒருவர். “முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாம்” என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம்.

முதலில் கருத்துக் கேட்பு. எந்தத் திட்டங்களுக்கு முன் அனுமதியும் கருத்துக் கேட்பும் வேண்டும் என்று சொல்வது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதில், தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் பட்டியலில் உண்டு. ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நகராட்சி நிலையம் அதில் இல்லை. ஆகவே மைக் வைத்து, பந்தல் போட்டு உங்களைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் அந்த அறிவிக்கையின்படி யாருக்கும் கிடையாது. கூட்டத்துக்காகக் காத்திருந்தால் ஒரு நாள் பொக்லைன்தான் வந்து நிற்கும்.

அடுத்தது முன்சீப் கோர்ட். 2018-இல் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் (Specific Relief Act) திருத்தப்பட்டு, பிரிவு 41-இல் ஒரு புதிய உட்பிரிவு வந்தது. உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் உறுத்துக்கட்டளையை, அதாவது தடை உத்தரவை, உரிமையியல் நீதிமன்றம் வழங்கக்கூடாது. எவையெல்லாம் உள்கட்டமைப்பு என்று சொல்லும் அட்டவணையில் கழிவுநீர் சேகரிப்பும் சுத்திகரிப்பும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. நகராட்சி வக்கீல் முதல் வாய்தாவிலேயே இதை எடுத்து வைப்பார். பணமும் மாதங்களும் போனதுதான் மிச்சமாகும்.

உங்கள் வழக்கின் உயிர் வருவாய் ஆவணத்தில் இருக்கிறது. தோப்பின் சர்வே எண்ணைப் பிடியுங்கள். நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த இடம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது? ஏரிப் புறம்போக்கா, மேய்க்காலா, தோப்புப் புறம்போக்கா, வனமா? அல்லது பக்கத்து மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கியபோது பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி நகராட்சிக்குக் கொடுத்த திறந்தவெளியா? அ-பதிவேட்டு நகலை இணையத்திலேயே எடுக்கலாம். மனைப்பிரிவு அனுமதி வரைபடம், தானப் பத்திரம், மன்றத் தீர்மான நகல், இடத்தேர்வு அறிக்கை, மாற்று இடங்கள் பரிசீலிக்கப்பட்ட கோப்பு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மாற்று இடக் கோப்பு சில வேளை காலியாகவே இருக்கும். அப்படி இருந்தால் அதுவே உங்களுக்கு நல்ல சான்று.

பதில் வரும்வரை சும்மா இருக்கக்கூடாது. தண்ணீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974-இன் பிரிவு 25-படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் நிலையத்தை நிறுவ முடியாது. ஆனால் அதே பிரிவில் ஒரு பொறி இருக்கிறது. விண்ணப்பித்து நான்கு மாதத்துக்குள் வாரியம் முடிவெடுக்காவிட்டால் இசைவு தந்ததாகவே கருதப்படும். எனவே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு இப்போதே ஆட்சேபணை போக வேண்டும், கிடைத்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில். மரம் வெட்டும் பேச்சு எழுந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

மனுவில் “நாற்றம் அடிக்கும், கொசு வரும், எங்களுக்கு வேண்டாம்” என்று மட்டும் எழுதாதீர்கள். ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-லேயே, பணமில்லை என்று சொல்லி நகராட்சி சாக்கடை வசதியைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2017-இல் சுத்திகரிப்பு நிலையங்களை மூன்று ஆண்டுக்குள் அமைக்கச் சொல்லி உள்ளாட்சிகளுக்குக் கெடு வைத்ததும் அதே நீதிமன்றம்தான். நிலையமே கூடாது என்பவரை நீதிபதி பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “நிலையம் வேண்டும். இந்த சர்வே எண்ணில் வேண்டாம், காரணம் இது” என்று எழுதி, மாற்றாக ஓர் அரசுப் புறம்போக்கின் எண்ணையும் தாருங்கள். இன்னொன்று: ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனு, கோப்பில் ஒரே மனுதான். வீட்டுக்கு வீடு தனித்தனியாக, அவரவர் சொந்த வார்த்தையில் எழுதட்டும்.

வழக்கு என்று வந்தால் எங்கே போவது? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் குறித்த 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டமும் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் இல்லை. தோப்பு பூங்காவாகவோ திறந்தவெளியாகவோ ஒதுக்கப்பட்டது என்பது உங்கள் வாதமானால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுதான். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பகுதிவாசிகளுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கை கொடுக்கும், ஆனால் முழுக்க அல்ல. அங்கே எதிரில் நின்றது தனியார், உங்கள் எதிரில் நிற்பது பொதுத் தேவை.

நீர்நிலை கெடும், இசைவு முறையாகத் தரப்படவில்லை என்பவை வாதமானால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். காடு என்ற வாதத்தையும் அங்கே வைக்கலாம். அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பதிவேட்டில் வனம் என்று இல்லாத ஐந்து ஏக்கர் தோப்புக்கு அதை முதல் வாதமாக வைக்க நான் துணிய மாட்டேன்.

தீர்ப்பாயத்தில் கெடு கறாரானது. வழக்குமூலம், அதாவது வழக்குக்கான காரணம், முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. நீங்கள் தீர்மானத்தின் தேதியை எழுதவில்லை. அதைப் பார்த்து, அன்றிலிருந்தே கணக்கு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.