பச்சையாக இருந்தால் காடா?

கடிதம்: வணக்கம். சென்ற மாதம் குடும்பத்தோடு ஊட்டி வந்திருந்தோம். சாலையோரம் லாரி லாரியாக மரம் வெட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்து மனம் பதறிவிட்டது. அங்கிருந்த ஊர்க்காரரிடம் கேட்டால், "அது சீகைதானே, போகட்டும்" என்கிறார். உள்ளூர் மக்களுக்கே சுற்றுச்சூழல் அக்கறை இல்லையென்றால் எப்படி?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஊர்க்காரருக்கு அக்கறை நிறையவே இருக்கிறது. உங்களுக்குக் காடாகத் தெரிந்தது அவர் கணக்கில் காடே இல்லை.

இங்கே சீகை என்பது சீகைக்காய் இல்லை; வெள்ளைக்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காகக் கொண்டுவந்த வாட்டில் மரம். பிறகு தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வனத்துறையே மலை மலையாக நட்டது. நட்டதெல்லாம் பெரும்பாலும் புல்வெளியில். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குத் தண்ணீர் விடுகிற அந்த நிலத்துக்குக் கோப்பில் இருந்த பெயர் 'தரிசு'. அந்த ஒரு சொல்லால் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமை மேய்ச்சல் சுருங்கிப்போனது.

ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், கோயில் கூரை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் ஒரு பிடி புல்லை என் கையில் வைத்தார். மெல்லிசு, ஆனால் முறுக்கினாலும் ஒடியவில்லை. "சதுப்புலதான் வரும். முன்னெல்லாம் இங்கேயே அறுப்போம். இப்ப வண்டி பிடிச்சுப் போறோம்" என்றார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே அவர் பேச்சில் வரவில்லை. புல், எருமை, தண்ணீர், அவ்வளவுதான்.

சரி, உள்ளூர் என்றால் எல்லோருக்கும் ஒரே எண்ணமா? அதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் அக்காவுக்குச் சீகைதான் அடுப்பு விறகு. கேரட் போட்டவருக்கோ, பகலில் சீகைக்குள் படுத்துக் கிடந்து ராத்திரி தோட்டத்தில் இறங்கும் காட்டுமாடுதான் பிரச்சினை. இதெல்லாம் சுற்றுச்சூழல் பிரச்சினை இல்லை, யானையும் புலியும் பிளாஸ்டிக்கும் மட்டும்தான் என்று நம் நகரத்துப் பேச்சு பழகிவிட்டது. எனக்கு அதில்தான் வருத்தம்.

அந்நிய மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வெட்டினால் மட்டும் புல் வந்துவிடாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் புதராக முளைக்கும். வருஷா வருஷம் கன்று பிடுங்க ஆள் வேண்டும், எந்தப் புல் எங்கே வரும் என்று தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். வெட்டுவதற்குத் திட்டம் போடும்போதே மந்துப் பெரியவரையும் லைன் வீட்டு அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பிடுங்குகிற கூலியும் அவர்கள் ஊருக்கே போகட்டும்.

அடுத்த முறை வரும்போது அதே இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். புல் வந்திருக்கிறதா, சீகைக் கன்றா என்று எனக்கு எழுதுங்கள்.