ஜிஆர்இ குவான்ட்டில் சில பகுதிகள் மட்டும் வரவே மாட்டேன் என்கின்றன, எப்படித் தேற்றுவது?

‘தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, நிகழ்தகவும் வடிவியலும் சுத்தமாக வரவில்லை, மற்றதெல்லாம் பரவாயில்லை’ என்று கேட்டிருக்கிறீர்கள். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஜிஆர்இ என்பது மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, குவான்ட் அதன் கணக்குப் பகுதி.) நீங்கள் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், பள்ளிக் கணக்கைத் தொட்டு ஏழெட்டு வருடம் ஆனவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான் இருந்தேன்.

அந்த ‘மற்றதெல்லாம் பரவாயில்லை’யை முதலில் நம்பாதீர்கள்.

என் முதல் மாதிரித் தேர்வில் குவான்ட் 153 (இதில் மதிப்பெண் 130-இலிருந்து 170 வரைதான்). நிகழ்தகவுதான் காலை வாருகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, ஐந்து வாரம் தினமும் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து வரிசைமாற்றம், சேர்மானம், நிகழ்தகவு என்று போட்டுத் தள்ளினேன். அடுத்த மாதிரித் தேர்வில் 154. ஐந்து வார உழைப்புக்கு ஒரே ஒரு மதிப்பெண். விண்ணப்பிக்கும் எண்ணத்தையே கைவிட்டுவிடலாம் என்று இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு தேர்விலும் தப்பான கணக்குகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். 23 கணக்குகள். அதில் நிகழ்தகவு மூன்றுதான். விடையைப் பார்க்காமல், நேரமும் வைக்காமல் மறுபடி போட்டபோது 23-இல் 14 சரியாக வந்தன. அதாவது தெரியாததால் போனவை குறைவு. தெரிந்திருந்தும் தப்பாய்ப் போனவைதான் அதிகம்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு யோசித்ததில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. உதாரணம் சொல்கிறேன். ஒரு விலை 25% ஏறிவிட்டது, பழைய விலைக்கே வர எத்தனை சதவீதம் குறைய வேண்டும்? நான் போட்டது 25. சரியான விடை 20, ஏனென்றால் இப்போது சதவீதம் எடுப்பது 125-இன் மேல். போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40, சராசரி வேகம்? நான் போட்டது 50. திரும்ப வரத்தான் அதிக நேரம் ஆகிறது, அதனால் 48. ஐந்து சிவப்பு, மூன்று நீலப் பந்துகளில் திருப்பி வைக்காமல் இரண்டு எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க வாய்ப்பு? நான் போட்டது 25/64. இரண்டாவது பந்து எடுக்கும்போது பையில் ஏழுதான் இருக்கும், ஆகவே 5/8 × 4/7, அதாவது 5/14.

புத்தகத்தில் இவை மூன்றும் மூன்று அத்தியாயம். என்னிடம் இருந்தது ஒரே குறை: எதன்மேல் கணக்கு எடுக்கிறோமோ அது நடுவில் மாறுவதை நான் பார்க்கவில்லை. நிகழ்தகவில் இன்னும் முந்நூறு கணக்கு போட்டிருந்தாலும் இது சரியாகியிருக்காது. அதன் பிறகு பத்து நாள், ஒவ்வொரு கணக்கிலும் பேனாவை வைக்கும் முன் ‘எதில் எத்தனை பங்கு?’ என்று ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன்.

இன்னொரு குறை, இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில். x > 0 என்று கொடுத்து x², x இரண்டில் எது பெரியது என்பார்கள். மனசு தானாக 2, 3 என்று முழு எண்ணைப் போட்டுப் பார்த்து, x² என்று சொல்லிவிடும். 1/2 போட்டால் தலைகீழ், 1 போட்டால் சமம். எனவே ‘தீர்மானிக்க இயலாது’ என்பதே விடை. எதிர்மறை எண், பூஜ்யம், பின்னம், ஒன்று ஆகியவற்றில் கேள்வி அனுமதிப்பதையெல்லாம் போட்டுப் பார்க்காமல் விடை குறிப்பதில்லை என்று கட்டாயமாக வைத்துக்கொண்டேன். வடிவியலிலும் இதே அவசரம்தான் ஆபத்து. அங்கே படங்கள் அளவுப்படி வரைந்தவையாக இருக்க வேண்டியதில்லை; பார்க்கச் செங்கோணம் போல இருக்கிறது என்பதற்காக 90 என்று வைத்துவிடாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. குவான்ட் இரண்டு பிரிவாக வரும்: முதல் பிரிவில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். இரண்டாவது பிரிவு எவ்வளவு கடினமாக வரும் என்பது முதல் பிரிவை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே கணக்கில் நான்கு நிமிடம் முட்டாமல், குறியிட்டுவிட்டு நகருங்கள். தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். ஆனால் கடிகாரம் வைத்துப் போடுவது கடைசி மூன்று வாரத்தில் போதும். அதற்கு முன்பே நேரம் வைத்தால் பழைய தப்பையே வேகமாகச் செய்யப் பழகுவோம்.

‘இது பத்தாம் வகுப்புக் கணக்குதானே, இதற்கு இவ்வளவு பெரிய பதிலா’ என்று யாராவது வருவார்கள். ஆமாம், முக்கோணவியலும் நுண்கணிதமும் இதில் இல்லை. அதனால் எல்லோருக்கும் எளிது என்று ஆகிவிடாது. பத்தாம் வகுப்பில் என் கணக்கு ஆசிரியர் சந்தேகம் கேட்ட என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி, ‘உனக்குக் கணக்கு வராது, மனப்பாடம் பண்ணு’ என்றார். பல வருடம் அதை நம்பினேன். பிடித்த பாடத்தைக் கல்லூரியில் எடுக்காமல் போனது அந்த ஒரு வாக்கியத்தால். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் ‘எளிது’ என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வகுப்பறைதான் கண்ணில் வருகிறது.

எனக்குக் கடைசியில் கிடைத்தது 163. 170 வாங்கியவர்களுக்கு வேறு வழி இருக்கலாம், அதை மறுக்கவில்லை. நான் கேட்ட படிப்புக்கு இது போதுமானதாக இருந்தது. ஜிஆர்இயை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றை இந்த வாரமே எழுதிவிடுங்கள், மற்றதைக் கடைசிப் பத்து நாளுக்கு வைத்திருங்கள். தப்பானவற்றை நேரம் வைக்காமல் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, அப்போதும் வராதவை எவை என்று இங்கே எழுதுங்கள். நிகழ்தகவு எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.