சொந்தமாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்ய லேப்டாப்பில் எவ்வளவு ரேம் வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள் லேப்டாப் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ரேம். என் கணக்கில் 16 ஜிபி வேண்டும்.

இப்போது நடக்கும் வேலையைக் கணினி கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் இடம்தான் ரேம். ரொட்டி சானாய் போடும் அண்ணனின் மேடையைப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள் பக்கத்திலேயே இருப்பதால் கை நிற்காமல் வீசுகிறார். மேடை சின்னதென்றால் ஒவ்வொரு ரொட்டிக்கும் பின்கட்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். ரேம் நிரம்பினால் கணினியும் இப்படித்தான் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு ஓடுகிறது. எஸ்எஸ்டி ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால்தான் திரை திணறுகிறது.

புரோகிராம் எழுதும் எடிட்டர், பிரவுசரில் இருபது டேப், வாடிக்கையாளரோடு வீடியோ கால் என்றாலே 8 ஜிபி நிறைந்துவிடும். ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை, கணினியிலேயே போனைப் போல இயங்கும் எமுலேட்டரோடு ஓட்ட கூகுளே 16 ஜிபி கேட்கிறது.

கடையில் இதை மறக்காமல் கேளுங்கள்: ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, தனி ஸ்லாட் உண்டா? ஸ்லாட் இருந்தால் இப்போதைக்கு 8 ஜிபி வாங்கி, கையில் காசு வந்த அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். பற்றவைத்தது என்றால் அந்த வழியே இல்லை. டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் இரண்டு தலைமுறைகள், டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பெட்டியில் இருக்கும் ‘512 ஜிபி’யை ரேம் என்று பலர் நினைக்கிறார்கள், அது கோப்புகளைச் சேமிக்கும் இடம், அது எவ்வளவு பெரிதானாலும் ரேமின் அளவு மாறாது.