அந்த வீட்டை அடமானம் வைக்காதீர்கள், அம்மா

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து, மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு மகனோடு என்னிடம் வந்த அம்மா, உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதப் போகிறான். உள்ளூரில் மருத்துவ இடம் கிடைப்பது கடினம். வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பி டாக்டராக்கு என்று, கஞ்சிப் பூசைக்கு வந்த பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம்.

ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்வது பாவம்.

அம்மா, வெளிநாட்டுக் கட்டணம் டாலரில் வரும். நம் நாணயமான ராண்ட் சரிந்தால் முதலாண்டுக் கணக்கு மூன்றாமாண்டில் செல்லாது. பட்டத்தோடு திரும்பினாலும் இங்கே மருத்துவ மன்றத்தின் தேர்வில் தேறாமல் தொழில் செய்ய முடியாது. தவணை கட்டப்போவது பெரியப்பா அல்ல.

பையனோ இதுவரை வாய் திறக்கவில்லை. மின்வெட்டுக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன், நிமிர்ந்தான். “பக்கத்து வீட்டுச் சோலார் பேனல், குளிர்ந்த செப்டம்பர் நண்பகலில் காட்டிய அளவை பிப்ரவரி வெயிலில் காட்டவில்லை. ஏன்?” என்றான். உயிரியல் பாடத்தில் இவன் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பானா என்று அம்மாவிடம் கேட்டேன். பதில் இல்லை.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒளி சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. போதிய ஆற்றலுள்ள பொட்டலம் பேனலிலுள்ள சிலிக்கானில் பட்டால் ஓர் எலக்ட்ரான் பிடி நழுவுகிறது. நழுவியது அப்படியே திரும்பிச் சேர்ந்துவிட்டால் பயனில்லை. அதற்காகத்தான் ஓர் அடுக்கில் பாஸ்பரஸும் மறு அடுக்கில் போரானும் துளியளவு கலக்கிறார்கள். இரண்டும் சேரும் எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகி, எலக்ட்ரானை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. பேனலின் மேல் தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் அதை வாங்கிக்கொள்கின்றன. பேனலின் ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்; ஒரு செல் தருவது ஏறக்குறைய அரை வோல்ட். அதனால்தான் வரிசையாகக் கோக்கிறார்கள். வருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்கிய பிறகே கெட்டில் கொதிக்கும்.

பையனின் கேள்விக்கு முதல் விடை சூடு. பேனலின் திறன் 25 டிகிரியில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். கூரையில் செல் 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வெயிலின் சூடு வேறு, வெளிச்சம் வேறு.

இதைப் புரிந்துகொண்டு கூரை ஏறும் மின்பணியாளருக்கு இங்கே வேலை இருக்கிறது. நம் நாட்டில் பேனல் வடக்கு பார்க்க வேண்டும். பக்கத்து மாமர நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் வரிசையின் உற்பத்தி சரியும். டர்பனின் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். தளர்ந்த நேர்மின்னோட்ட இணைப்பில் எழும் தீப்பொறி எளிதில் அணையாது. 2023 மின்வெட்டில் அவசர அவசரமாக மாட்டிய பேனல்களை எல்லாம் யாரோ சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். அன்றைய அவசரம் இப்போது தணிந்துவிட்டது, உண்மைதான். அரைகுறை ஆட்கள் விலகுவதற்கு அதுவும் நல்லதே.

வழி இது: அரசுத் தொழிற்கல்லூரியில் மின்பணி, முதலாளியிடம் பயிற்சி, தொழில்தேர்வு. பிறகு கம்பியிணைப்பு விதிகளில் தேர்வு எழுதித் தொழிலாளர் துறையில் பதிவு. வீட்டின் மின் இணைப்புகள் விதிப்படி இருக்கின்றன என்று சொல்லும் மின் இணக்கச் சான்றிதழில், பதிவு பெற்றவர் மட்டுமே கையெழுத்திட முடியும். அது இல்லாமல் இங்கே வீடு கைமாறாது. தகுதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. பொறியியல் பட்டம் வேண்டுமென்றால் பின்னால் படிக்கட்டும். கணிதத்தை மட்டும் இப்போது விடக் கூடாது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். “எந்த முதலாளியிடம் பயிற்சிக்கு அனுப்புவீர்கள்?” என்று கேளுங்கள். பதிலை இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.