பச்சைத் தண்ணீரை இறைத்துவிடாதீர்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். மாமனார் காலமானதிலிருந்து கொல்லையில் இருக்கும் நீச்சல் குளத்தை யாரும் தொடவில்லை. தரைக்கு மேலே நிற்கிற வட்டமான தகட்டுக் குளம், உள்ளே லைனர் என்கிற பிளாஸ்டிக் விரிப்புப் போட்டது, 4 மீட்டர் அகலம். மாவிலை விழுந்து விழுந்து தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. தவளையும் குடியேறிவிட்டது. டிசம்பர் லீவுக்கு நாத்தனார் பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறார்கள். எல்லாவற்றையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாமா, குளோரின் கொட்டினாலே போதுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இறைக்க வேண்டாம், தங்கச்சி. தண்ணீரின் பாரம்தான் லைனரை இழுத்துப் பிடித்திருக்கிறது. காலியாக விட்டால் பழைய லைனர் வெயிலில் சுருங்கும், திரும்ப நிரப்பும்போது ஓரத்தில் கிழியும். தண்ணீரில்லாத தகடு டர்பன் காற்றுக்கும் நிற்காது.

ஆனால் மருந்து வாங்கும் முன் தகட்டின் அடிவிளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில்தான் துரு தின்னும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். மேல்துரு என்றால் பரவாயில்லை. பொருக்கு உதிர்ந்து தகடு உள்வாங்கினால் அந்தக் குளத்தில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. ஒரு மீட்டர் ஆழம் என்றால் உள்ளே நிற்பது 12,500 லிட்டர், பன்னிரண்டரை டன். சாட்ஸ்வொர்த் மேட்டில் தகடு பிளந்தால் அவ்வளவும் கீழ்வீட்டுக்குத்தான் போகும்.

தகடு நன்றாக இருக்கிறதா? சரி, தவளையை வெளியே விட்டுவிட்டு, அடியில் கிடக்கும் இலையை வலையால் முடிந்த மட்டும் அள்ளுங்கள். கிடக்கும் இலையெல்லாம் குளோரினைத் தின்றுவிடும். ஃபில்டரைத் திறந்து மணலைப் பாருங்கள், கட்டிதட்டியிருந்தால் மாற்றுங்கள். பிறகு பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். ஃபில்டரின் அழுத்தக் கேஜ் முள் சுத்தமான நிலையைவிட 50 கிலோபாஸ்கல் ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு மணலை அலசுங்கள்.

அப்புறம் சொட்டுமருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அளக்காமல் கொட்டுவது காசுக்கும் கேடு, லைனருக்கும் கேடு. முதலில் அல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் புளிப்பு-கார அளவு தடுமாறாமல் பிடித்துவைக்கும் தன்மை, 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்க வேண்டும். நம் கோடைமழை அதை இறக்கிவிடும். உங்கள் குளத்தில் 10 பிபிஎம் ஏற்ற ஏறக்குறைய 210 கிராம் சமையல் சோடா போதும். அடுத்து அந்தப் புளிப்பு-கார அளவை, அதாவது பிஹெச்சை, ஆசிட் விட்டு 7.2க்குக் கொண்டுவாருங்கள். 7.2ல் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வீரியமாக இருக்கும், 8க்குப் போனால் கால் பங்குகூடத் தேறாது. பாசியிடம் தோற்கிற வீடுகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன்.

குளோரினைப் பொழுது சாய்ந்தபின் போடுங்கள், பகலில் போட்டால் வெயிலே பாதியைக் கொண்டுபோகும். 65 சதவீதக் குளோரின் தூளில் சுமார் 190 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். வாளியில் தண்ணீர் எடுத்து அதில் தூளைப் போட்டுக் கரையுங்கள். தூள்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்படியே வீசினால் லைனர் வெளுத்துப்போகும். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் கலந்தால் விஷவாயு கிளம்பும். மிதக்கும் குளோரின் மாத்திரையை இந்தத் தூளோடு சேர்த்தால் தீப்பிடிக்கும், இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

பச்சை போய்ச் சாம்பல்நிறப் பால்போலத் தண்ணீர் கலங்கும். பயப்படாதீர்கள், அது செத்த பாசி. சுவரைத் தேய்த்துவிட்டு, அடியில் படிந்ததை வேக்யூம் போட்டு ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியேற்றுங்கள். குளோரின் இறங்க இறங்க மறுபடி ஏற்றுங்கள்.

எப்போது முடிந்தது என்று கண்ணை நம்பாதீர்கள். இருட்டியபின் ஒருமுறை அளந்து, சூரியன் எழுமுன் மறுபடி அளங்கள். ராத்திரியில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது. குறையவில்லையென்றால் ஸ்டெபிலைசரை, அதாவது வெயிலில் குளோரின் போகாமல் காக்கும் மருந்தை, 30 முதல் 50 பிபிஎம்மில் நிறுத்துங்கள். மாத்திரையே போட்டுவந்தால் அதிலுள்ள ஸ்டெபிலைசர் தானாக ஏறிக்கொண்டே போய்க் குளோரினை மந்தமாக்கும், அப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும்.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்குள் வந்து, அடித்தரை தெளிவாகத் தெரிந்தால் பிள்ளைகள் இறங்கலாம். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.